ரிசர்வ் விலை தெரிந்த மனிதர்

சுந்தரவல்லியின் துப்பறியும் அலுவலகம் லேக் கார்டன்ஸில் ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் இருந்தது. எவ்வளவு பெரிய கவலையோடு வருகிறவரும் கீழே பால் காய்ச்சும் வாசனையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கையில் சந்தேஷ் என்ற வங்காளப் பால் இனிப்புப் பெட்டி ஒன்றோடுதான் படியேறுவார். அதனால் இந்த ஆபீசில் வருமானத்தைவிடச் சர்க்கரைதான் அதிகம் என்பது அவளுடைய உதவியாளன் பிரிட்டோவின் கட்சி.

அந்தச் சனிக்கிழமை காலையில் வந்த கவிதாவும் பெட்டியோடுதான் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். இஸ்திரி கலையாத காட்டன் புடவை, தூங்காத கண்கள். உட்கார்ந்ததும் இடது கையால் பெட்டியின் நூலைப் பிரித்தாள், அதே கையால் ஒரு துண்டை எடுத்தாள், வலது கைக்கு மாற்றிச் சுந்தரவல்லியிடம் நீட்டினாள். அடுத்த துண்டு பிரிட்டோவுக்கு. தன் முறை வரக் கொஞ்சம் தாமதமானது மட்டும்தான் அப்போது பிரிட்டோவின் மனதில் பட்டது.

தான் ஏலம் விடுகிறவள் என்றாள் கவிதா. பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மல்லிக் ஏலக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழம்பொருள் ஏலம். பழைய ஜமீன் வீடுகளின் கடிகாரம், கண்ணாடி, சாய்வு நாற்காலி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அந்த மேடையில் சுத்தியலோடு நிற்கும் முதல் பெண் அவள். இந்த வேலைக்காக ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகத்தை விட்டிருந்தாள். வீட்டில் ஒருவரும் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

“நாளையோட அந்த வேலையும் போயிடும் மேடம்” என்றாள்.

விஷயம் இதுதான். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு நல்ல பொருளுக்கும் அதன் சொந்தக்காரர் ஒரு குறைந்தபட்ச விலை வைப்பார். அதற்குப் பெயர் ரிசர்வ். அதற்குக் கீழே கேட்பு நின்றுவிட்டால் பொருள் விற்கப்படாது, திரும்பிப் போய்விடும். அந்த விலை ரகசியம். ரகசியமாக இருக்கும்வரைதான் ஏலத்துக்கு உயிர். எங்கே பொருள் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் ஒருவர் மேல் ஒருவர் ஏற்றிக் கேட்பார்கள். ஆனால் மூன்று மாதமாக நரேன் பாபு என்ற வியாபாரியும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் நல்ல பொருளை எல்லாம் சரியாக ரிசர்வ் விலைக்கே வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதற்கு மேல் ஒரு படி ஏறுவதில்லை. இந்தப் பொருள் இவர் முறை, அடுத்த பொருள் அவர் முறை என்று பங்கு போட்டுக்கொள்கிறார்களாம்.

ரிசர்வ் விலை யார் யாருக்குத் தெரியும் என்று சுந்தரவல்லி கேட்டாள். இரண்டே பேருக்கு என்றாள் கவிதா. முதலாளி மல்லிக் பாபுவுக்கு, அவளுக்கு. காகிதத்தில் எழுதுவதே இல்லை. ஞாயிறு காலை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொல்வார், இவள் மனதில் வாங்கிக்கொள்வாள்.

“முதலாளி தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்க மாட்டார்” என்றாள் கவிதா. “மிச்சம் நான்தான். அவர் இடத்துல இருந்தா நானும் என்னைத்தான் சந்தேகப்படுவேன்.”

நாளையும் இதேபோல் நடந்தால் மேடையில் தன் மருமகனை நிறுத்துவது என்று மல்லிக் பாபு முடிவு செய்துவிட்டார். மருமகன் கோட்டுக்கு அளவும் கொடுத்துவிட்டானாம்.

சுந்தரவல்லி நெற்றியைச் சுளித்தாள். திருநெல்வேலிக்காரி. கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தில், காணாமல்போன பார்சல்களைத் தேடும் பிரிவில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள். எந்தக் கேள்விக்கும் அவளிடம் ஒரே முறைதான். பார்சல் தொலைந்த நாட்களைப் பார்க்கமாட்டாள், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த நாளைத்தான் பார்ப்பாள்.

“இந்த மூணு மாசத்துல அவன் கணக்கு தப்பின வாரம் ஒண்ணாச்சும் உண்டுமா?”

கவிதா யோசித்தாள். ஒரே ஒரு வாரம் உண்டு. ஏலக்கூடம் தொடங்கிய நாளுக்காக மல்லிக் பாபு அவள் மேஜைமேல் பெரிய பித்தளைச் சாடியில் ரஜனிகந்தா என்ற சம்பங்கிப் பூக்களை வைக்கச் சொல்லியிருந்தார். மேஜையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. அன்று நரேன் பாபுவும் அவருடைய கூட்டாளி ஒருவரும் ஒரு நிலைக்கண்ணாடிக்காகத் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள். ரிசர்வைப் போல இரண்டு மடங்குக்குப் போனது.

“அந்தாளுக்குப் பூ வாசனை ஆகாது போல யக்கா” என்றான் பிரிட்டோ. “தும்முறப்ப எல்லாம் அட்டையைத் தூக்கியிருப்பாரு.”

சுந்தரவல்லி சிரிக்கவில்லை. கவிதா கொண்டுவந்திருந்த ஏல விதிகளின் அச்சுத்தாளை அவனிடம் தள்ளி, சத்தமாக வாசிக்கச் சொன்னாள்.

பிரிட்டோ வாசித்தான். முன்பணம் கட்டினால்தான் நம்பர் அட்டை கிடைக்கும். உயர்த்திய அட்டை கேட்ட விலைக்குச் சமம், அதைத் திரும்பப் பெற முடியாது. பொருளை முந்தின நாளே வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கிற நிலையில்தான் விற்கப்படும். கால் ஆடுகிறது, கைப்பிடி இல்லை என்று பிறகு வரக்கூடாது.

“என் கல்யாணத்தப்ப எங்க மாமனாரும் இதையேதான் சொன்னாரு” என்றான்.

மேலே படிக்கச் சொன்னாள். ரிசர்வ் விலையை எட்டும்வரை, விற்பவர் சார்பில் ஏலக்காரரே கேட்பைக் கூட்டிக்கொண்டு போகலாம்; எட்டிய பிறகு கூடாது. ரிசர்வை யாருக்கும் வெளியிடக் கூடாது. ஏலத்தில் தகராறு எழுந்தால் அந்த லாட்டை, அதாவது அந்தப் பொருளை, ஏலக்காரர் மறுபடியும் ஏலத்துக்கு விடலாம்; மேடையில் அவர் முடிவே இறுதி.

“நாளைக்கு நாங்க வாரோம்” என்றாள் சுந்தரவல்லி. “எங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத.”

ஞாயிற்றுக்கிழமை மல்லிக் ஏலக்கூடம் கல்யாண மண்டபம்போல் நிரம்பியிருந்தது. முன்பணம் கட்டி வாங்கிய பதினேழாம் நம்பர் அட்டையைப் பிரிட்டோ தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். மூக்கு அரித்தால்கூடக் கையைத் தூக்குவதில்லை என்று முடிவு. இங்கே தலையைச் சொறிந்து ஒரு பியானோவுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டால் கார்டன் ரீச் வீட்டில் அதை வைக்க இடமில்லை, மனைவிக்குப் பதில் சொல்ல வாயுமில்லை.

அவனிடமும் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. மேடைக்குப் பின்னால் விற்காமல் கிடந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கவிதா கையில் இருப்பதை நரேன் பாபு அதில் படிக்கிறார் என்று அவன் கிசுகிசுத்தான். சுந்தரவல்லி அவனை எழுந்து போய்ப் பார்த்துவரச் சொன்னாள். நரேன் பாபு தேநீருக்கு எழுந்த நேரம் பார்த்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். கண்ணாடியில் அவனுடைய முகம்தான் தெரிந்தது. தவிர, கவிதாதான் எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லையே என்பது திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

“ஏலத்தைப் பாக்காத” என்றாள் சுந்தரவல்லி. “நரேன் எதைப் பாக்கான்னு மட்டும் பாரு.”

நரேன் பாபு ஒல்லியான மனிதர். வெள்ளைக் குர்தா, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு குடை. கூடத்தின் நட்ட நடுவில், மேடைக்கு நேராக உட்கார்ந்திருந்தார். சுமைகாரர்கள் ஒரு மேஜைக் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். கூடமே கடிகாரத்தைப் பார்த்தது. நரேன் பாபு பார்க்கவில்லை. அவர் பார்வை கவிதாவிடம் இருந்தது.

“லவ்வு போல யக்கா.”

“முகத்தைப் பாக்கானா?”

பிரிட்டோ கூர்ந்து கவனித்தான். முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைக்குக் கொஞ்சம் மேலே, ஒரே இடத்தில், பால் பொங்குவதற்குக் காத்திருக்கிறவரைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிதா ஆங்கிலத்தில் விலையைச் சொல்லி, வங்காளத்தில் தூண்டி, இந்தியில் கெஞ்சினாள். கடிகாரம் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று தாமதமாக வந்த ஒரு பருத்த மனிதர் இடம் தேடி நரேன் பாபுவுக்கு முன்னால் நின்றார். நரேன் பாபு துடித்துப்போனார். குடையோடு எழுந்து, பக்கத்துக்காரரின் காலை மிதித்து, நடைபாதைப் பக்கம் கழுத்தை நீட்டினார். பார்த்தது போதும் என்று பட்டதும் கூட்டாளிக்குக் கண்ணைக் காட்டினார். கூட்டாளி தூக்கிய அட்டையை இறக்கவில்லை. மற்ற மூவரும் தூக்கவில்லை. கடிகாரம் அந்த விலைக்கே போயிற்று. கவிதாவின் முகம் வாடியதிலிருந்தே அது ரிசர்வ் விலைதான் என்று தெரிந்தது.

பின் வரிசையில் புதுக் கோட்டு மாட்டிய மருமகன் தொண்டையைக் கனைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

தேநீர் இடைவேளையில் சுந்தரவல்லி மேடைக்குப் பின்னால் போனாள். பிரிட்டோவை மண்குவளையில் மூன்று டீ வாங்கிவர அனுப்பினாள். விரல் சுட அவன் திரும்பியபோது கவிதா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, யாரோ அந்நியருடையவைபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடியுமா?” என்று சுந்தரவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியல மேடம். எங்கம்மா கண்ணு முன்னாடி நிக்கறாங்க.”

“அம்மாவை ஒரு அஞ்சு நிமிஷம் வெளியே உக்காரச் சொல்லு. ரிசர்வ் வாறதுக்கு முந்தியே செஞ்சிரு. அது வரைக்கும் பொறுக்காத.”

இது ஏமாற்று வேலை ஆகாதா என்று கவிதா கவலைப்பட்டாள். விதித்தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாயிற்று, இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றாள் சுந்தரவல்லி. எதைப் பற்றி என்று பிரிட்டோ கேட்டான். டீ ஆறுகிறது, குடி என்று பதில் வந்தது.

இடைவேளைக்குப் பிறகு அன்றைய பெரிய பொருள் வந்தது. லாட் நாற்பத்தொன்று. பழைய நீராவிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து எஞ்சின் அறைக்கு உத்தரவு அனுப்பும் பித்தளைக் கருவி. இடுப்புயரத் தூண், அதன்மேல் தட்டுப்போல் ஒரு முகம், ஒரு கைப்பிடி. மெதுவாகப் போ, வேகமாகப் போ, நிறுத்து என்று முகத்தைச் சுற்றி எழுதியிருந்தது. மல்லிக் பாபு கறுப்புக் கரை வேட்டியும் வெளுத்த முகமுமாகத் தூண் ஓரத்தில் வந்து நின்றார். இந்த லாட்டில்தான் தீர்ப்பு என்று கூடத்தில் ஐந்து பேருக்குத் தெரியும்.

முப்பதில் ஆரம்பித்தது, ஆயிரங்களில்தான் சொல்கிறோம். ஐந்து ஐந்தாக ஏற வேண்டும் என்பது விதி. முறைப்படி இந்தப் பொருள் நரேன் பாபுவின் பங்கு. அவர் முப்பத்தைந்து என்றார். கவிதா விற்பவர் சார்பில் நாற்பது என்றாள். அவர் நாற்பத்தைந்து. நியூ டவுனிலிருந்து புது ஃப்ளாட்டுக்கு அலங்காரம் தேடி வந்த ஓர் இளம் ஜோடி தயங்கித் தயங்கி அட்டையைத் தூக்கியது. ஜோடியின் ஐம்பதைக் கவிதா உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். நெற்றியில் வேர்வை. நரேன் பாபு ஐம்பத்தைந்துக்காக அட்டையைத் தூக்கினார்.

கவிதா ஏதோ செய்தாள். என்ன செய்தாள் என்று பிரிட்டோவுக்குத் தெரியவில்லை. அவன் நரேன் பாபுவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. அட்டையை மடியில் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, குடையைத் தட்டிக்கொடுத்தார். ஜோடி ஒருவரை ஒருவர் பார்த்துப் பின்வாங்கியது.

ஐம்பத்தைந்து, ஒரு தரம். இரண்டு தரம். கூட்டாளிகள் கொட்டாவி விட்டார்கள்.

“லாட் நாற்பத்தொன்று விற்கப்படவில்லை” என்றாள் கவிதா. “ரிசர்வ் விலை வரவில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது.”

நரேன் பாபு எழுந்ததில் குடை இரண்டு வரிசை தள்ளிப் போய் விழுந்தது.

“எப்படி வரவில்லை? வந்தாயிற்று” என்று வங்காளத்தில் கத்தினார்.

“ரிசர்வ் வந்ததென்று உங்களுக்கு யார் சொன்னது?” என்றார் மல்லிக் பாபு, தூண் ஓரத்திலிருந்து, மிக மெதுவாக.

“யார் சொல்ல வேண்டும்? சுத்தியலை வலது கைக்கு மாற்றினாளே. மூன்று மாதமாக அப்படித்தானே செய்கிறாள்.”

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கூட்டாளிகள் மூவரும் அவரை முன்பின் பார்த்திராதவர்கள்போல் விட்டத்தைப் பார்த்தார்கள்.

பிரிட்டோ வாயைப் பிளந்தான். சந்தேஷ் துண்டு இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியது அப்போதுதான் அவன் கண்ணில் வந்து நின்றது. சுந்தரவல்லி எழுந்து மல்லிக் பாபுவிடம் தன்னைச் சொல்லிக்கொண்டு, தன்னுடைய அரைகுறை வங்காளத்தில் விளக்கினாள். இந்தப் பெண்ணுக்கு எல்லா வேலைக்கும் இடது கைதான். ஆனால் ஒருவருக்குக் கொடுப்பதென்றால் வலது கையால்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மா அடித்து வளர்த்திருக்கிறாள். விலை ரிசர்வை எட்டாதவரை அவள் மனதுக்கு அது வெறும் வேலை. சுத்தியல் இடது கையில் இருக்கும். எட்டிவிட்டால் பொருளைக் கொடுக்கப் போகிறாள். கை தானாக மாறிவிடும். பூச்சாடி மேஜையை மறைத்த வாரத்தில் நரேன் பாபுவுக்குக் கை தெரியவில்லை, அதனால் கணக்கும் தெரியவில்லை.

“அவளுக்கே இது இன்னைக்குத்தான் தெரியும்” என்று முடித்தாள்.

மல்லிக் பாபு கவிதாவைப் பார்த்தார்.

“ஆக, நான் நினைத்தது சரிதான். வெளியே சொன்னது நீதான்.”

கேஸைத் துப்புத் துலக்கிக் கட்சிக்காரியையே குற்றவாளி ஆக்கிய முதல் ஆபீஸ் தங்களுடையதாகத்தான் இருக்கும் என்று பிரிட்டோ நினைத்தான். சுந்தரவல்லியைப் பார்த்தான். அவள் விதித்தாளை எடுத்து அவசரமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். மருமகன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டான். மல்லிக் பாபு மேடையின் முதல் படியில் கால் வைத்து, சுத்தியலுக்காகக் கையை நீட்டினார்.

கவிதா கொடுக்கவில்லை.

“ஏலத்துல தகராறு வந்திருக்கு” என்றாள். அவள் குரல் நடுங்கினாலும் வங்காளம் நடுங்கவில்லை. “தகராறு வந்தா லாட்டை மறுபடி விடலாம். மேடையில என் முடிவுதான் இறுதி. நீங்க போட்ட விதி, பாபு. இறங்கி நில்லுங்க.”

மல்லிக் பாபு வைத்த காலைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்த்தார். எல்லார் கையிலும் அந்த விதித்தாள் இருந்தது. காலை எடுத்துக்கொண்டார்.

“லாட் நாற்பத்தொன்று” என்றாள் கவிதா. “மறுபடியும், முப்பதிலிருந்து.”

சுத்தியல் இடது கையில் இருந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புடவையைப் பிடித்துக்கொண்டாள். நியூ டவுன் ஜோடி இந்தத் தடவை தயங்கவில்லை. இவ்வளவு பேர் சண்டை போடும் பொருள் சாதாரணமாக இருக்காது என்று அந்தப் பெண் கணவனிடம் சொல்வது பிரிட்டோவுக்குக் கேட்டது. அறுபது வந்தது. கூடமே கவிதாவின் கையைப் பார்த்தது. கை மாறவில்லை. அறுபத்தைந்து. மாறவில்லை. ரிசர்வ் இன்னும் மேலே இருக்கிறதா, கீழே போய்விட்டதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எழுபதில் கூட்டாளிகளில் ஒருவர் பொறுக்க முடியாமல் தன் அட்டையையும் தூக்கினார். துரோகி என்றார் நரேன் பாபு. பங்குக் கணக்கு அந்த நிமிடத்தோடு முடிந்தது.

“யக்கா, நாமளும் ஒண்ணு கேட்டுப் பாப்பமா?” என்றான் பிரிட்டோ.

“அட்டை மேல இருந்து எந்திரிச்ச, காலை முறிச்சிருவேன்.”

எண்பதில் கூட்டாளி விலகிக்கொண்டார். தொண்ணூறோடு ஜோடி நின்றுவிட்டது. நரேன் பாபு தொண்ணூற்றைந்து என்று கத்திவிட்டு, கழுத்தை நீட்டி, புடவைக்குப் பின்னால் மறைந்திருந்த வலது கை வெளியே வருவதற்காகக் காத்திருந்தார். ஒரு தரம் என்றாள் கவிதா. அவர் காத்திருந்தார். இரண்டு தரம். கவிதா கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். அம்மாவிடம் அனுமதி கேட்டாளோ, மன்னிப்புக் கேட்டாளோ, தெரியாது. சுத்தியல் இடது கையிலிருந்தே இறங்கியது.

மேஜை அதிர்ந்தது. நரேன் பாபு இன்னும் கழுத்தை நீட்டியபடியே இருந்தார். பொருள் தனக்கு வந்துவிட்டது என்பதைப் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. எல்லாரும் மல்லிக் பாபுவைப் பார்த்தார்கள். அவர் பித்தளைக் கருவியைப் பார்த்தார், மேடையில் வேர்த்து வழிந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார், பொத்தான் போட்டு நின்றிருந்த மருமகனைப் பார்த்தார். மருமகனிடம் உட்காரச் சொல்லிக் கையை அசைத்தார்.

பிறகு மேடைப் பக்கம் திரும்பி எரிச்சலோடு சொன்னார்:

“ஏன் மா நிற்கிறாய்? சனங்கள் காத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டைக் கூப்பிடு.”